சேவல் முதுகு காட்டும்வரை

மாட்டுக் கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கின் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் நீர் ஊறும். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூட உள்ளே வராத ஒரு சைவ வீட்டில் வளர்ந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது வெட்கக்கேடுதான். ஆனால் இதைவிடப் பெரிய வெட்கக்கேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. பத்து வயதில் நான் ஒரு செப்புத் தகட்டுச் சேவலுக்குப் பயந்து நடந்தவன். தேவாலயக் கோபுர உச்சியில் காற்றுக்குச் சுழன்றுகொண்டு நிற்குமே, அந்தச் சேவல். அது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்வரை என்ன பாவமும் செய்யலாம் என்று மனதார நம்பி, ஒன்றரை வருடம் காற்றின் திசை பார்த்துப் பெற்ற தாய்க்குப் பொய் சொன்னவன்.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் லண்டனின் கிழக்கோரத்தில், செவன் கிங்ஸில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா பெற்றோல் ஷெட் ஒன்றில் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. வீட்டில் அதற்கு "கேஸ்" என்று பெயர், அந்தச் சொல்லை அப்பா எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார், சுவருக்குக் காது இருப்பதுபோல. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குப் பெற்றோல் வகைகளும் சிகரெட் பெயர்களும் தெரியும். ஆகவே வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துப் போத்தல், பிஸ்கற் பெட்டி, பஸ் நிற்குமிடத்து அறிவித்தல் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது என் உத்தியோகம். சம்பளம் இல்லாவிட்டாலும் செல்வாக்கு நிறைய இருந்தது. நான் சொன்னதுதான் ஆங்கிலம்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுடைய பழைய மஞ்சள் காரில் இப்ஸ்விச்சுக்குப் போவோம். அங்கே அப்பாவின் தமையன், என் பெரியப்பா, இருந்தார். ஊரில் விஞ்ஞான மாஸ்டராக இருந்தவர். அங்கே போகும் ஏ-பன்னிரண்டு நெடுந்தெருவில் எனக்கு இரண்டு சந்தோஷங்கள். ஒன்று, லொறிக்காரர்களுக்கென்று தெருவோரத்தில் இருந்த தகரக் கூரைக் கடைகள்: மூடுபனியில் மஞ்சள் பல்ப் எரிந்துகொண்டிருக்கும், கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும், கதவு திறக்கும்போதெல்லாம் பொரித்த வாசனை ஒரு கட்டாக வெளியே வந்து விழும். மற்றது, வழியிலுள்ள கூரைகளிலும் கோபுரங்களிலும் நின்ற காற்றுக்காட்டிகள். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு நிற்கும் உருவங்கள் அவை. ஒரு கிராமத்தில் மீன், ஒரு கிராமத்தில் பாய்மரக் கப்பல், ஒரு மதுக்கடைக் கூரையில் ஓடுகிற நரி, குதிரைக் கொட்டில் ஒன்றின் மேல் வெறும் அம்பு. எல்லாவற்றையும் நான் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் கீறி வைத்தேன். பெரும்பாலும் சேவல்கள்தான் என்பதால் அதற்குச் "சேவல் கொப்பி" என்று அம்மா பெயர் வைத்தார்.

அம்மாவுக்குச் சேவல் சும்மா சேவல் இல்லை. முதல் தடவை அந்தத் தெருவில் போனபோது வழி தவறிவிட்டோம். அப்பா வியர்த்துப்போய், யாரிடமும் கேட்கவும் பயந்து, ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது பனிக்கு மேலே, ஒரு பழைய தேவாலயக் கோபுரத்தின் உச்சியில், வெயில் பட்டுப் பொன்னாக ஒரு சேவல் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, காரை நிப்பாட்டுங்கோ. அங்கை பாருங்கோ ஆர் நிக்கிறது எண்டு."

"அது வேதக்காரற்றை கோயிலப்பா."

"ஆற்றை கோயிலா இருந்தா எனக்கென்ன? சேவலும் கிடக்கு, மேலை வேலும் கிடக்கு. ஆள் உள்ளுக்கை நிப்பார்."

வேல் என்று அம்மா காட்டியது இடிதாங்கிக் கம்பி. ஆனாலும் சேவல்கொடியோன் தெருவோரத்தில் வந்து நின்று வழிகாட்டிவிட்டான் என்பதில் அம்மாவுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. காருக்குள் இருந்தபடியே கைகூப்பினார். கோபுரத்தைத் தாண்டி, தெருவின் மறுபக்கத்தில், ஒரு தகரக் கூரைக் கடை இருந்தது. முருகன் காவல் நிற்கும் இடத்தில் தேத்தண்ணி குடிக்காமல் போவது மரியாதை இல்லை என்று அம்மா தீர்மானித்தார். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை.

"தம்பி, என்ன எழுதியிருக்கு எண்டு வடிவா வாசி. சிப்ஸிலை மச்சம் மாமிசம் ஏதும் படுமோ?"

வடிவாகத்தான் வாசித்தேன். முட்டை, பன்றி, பீன்ஸ், பிறகு பாண், அதாவது ரொட்டி. கடைசி வரி மட்டும் சிவப்பில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், பெருமையோடு எழுதப்பட்டிருந்தது: எங்கள் சிப்ஸ் சுத்தமான மாட்டுக் கொழுப்பில் மட்டுமே பொரிக்கப்படும். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு லொறிக்காரர் வெளியே வந்தார். அவரோடு அந்த வாசனையும் வந்தது.

"கிழங்குச் சிப்ஸ்தான் அம்மா. ஒண்டும் படாது."

"எண்ணெய்?"

"ஓம். எண்ணெய்."

திரும்பிப் பார்த்தேன். சேவல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லண்டன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது.

இங்கிலாந்தில் காற்றுப் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கமுன்பே நான் வயிற்றால் அறிந்துகொண்டேன். மாதத்துக்கு மாதம் சேவல் லண்டனைப் பார்க்கும், நான் சிப்ஸைப் பார்ப்பேன். அது பக்கவாட்டாக நின்ற நாட்களில் ஒரு கண்ணால்தான் காணும் என்று கணக்குப் போட்டு, பாதித் தட்டோடு நிறுத்திக்கொள்வேன். அம்மாவோ ஒவ்வொரு துண்டையும் அனுபவித்துச் சாப்பிடுவார். "இவங்கடை எண்ணெயிலை ஒரு தனி வாசமப்பா. என்ன எண்ணெயோ தெரியேல்லை" என்பார். கோழி, ஆடு, கடலில் நீந்துவது எல்லாம் சாப்பிட்டு, மாட்டை மட்டும் மனதாலும் தொடாத அப்பாவும் தலையாட்டிக்கொண்டே இரண்டாவது தட்டுக்கு ஆளனுப்புவார்.

இதோடு நின்றிருந்தால் பாவம் எங்கள் மூன்று பேரோடு போயிருக்கும். அம்மா ஹைகேற் ஹில் முருகன் கோயிலில் தெரிந்த பெண்கள் எல்லோரிடமும் போய், ஏ-பன்னிரண்டில் ஒரு சைவக் கடை கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை. "நானே சாப்பிட்டனான், பயப்பிடாமல் போங்கோ" என்று பொறுப்பு நின்றார். ஊரில் ஆமிக்குத் தப்பி வந்து சேர்ந்தபோது அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அவருடைய சொல் ஒன்றுதான். விரதத்துக்கு நாள் பார்க்கவும், எந்தப் பாணில் முட்டை இல்லை என்று கேட்கவும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, வாழ்நாளில் வெங்காயம்கூடத் தொடாத ஒரு அம்மாள் கோயில் மண்டபத்தில் என் கன்னத்தைத் தட்டி, "உங்கடை சேவல் கடைச் சிப்ஸ் என்ன ருசி!" என்று சொன்னார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு அடுத்த மாதச் சிப்ஸ் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

பெரியப்பாதான் என் நித்திரையைக் கெடுத்தார். ஒரு ஞாயிறு அம்மா சேவலின் மகிமையை விரித்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அது முருகன்ரை சேவல் இல்லை, தங்கச்சி. அவையின்ரை சமயத்திலை ஒருத்தர் பொய் சொன்னவராம், உடனை சேவல் கூவினதாம். பொய் சொல்லாதை எண்டு ஞாபகப்படுத்தத்தான் அதை உச்சியிலை வைச்சிருக்கினம்."

அதாவது, முருகனுடையதென்றால் நான் மாட்டுக் கொழுப்புக்காகப் பிடிபடுவேன். அவர்களுடையதென்றால் பொய்க்காகப் பிடிபடுவேன். எந்தச் சமயத்திலும் எனக்குத் தப்ப வழி இல்லை.

அடுத்த மாதம் கிழக்கிலிருந்து காற்றடித்தது. கடல் பக்கமிருந்து வந்து எலும்புக்குள் போகும் கூதல் காற்று. காரை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். சேவல் முழுதாகத் திரும்பி, அலகை நீட்டி, கடையின் கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே போய் எந்தக் கதிரையில் மாறி மாறி இருந்தாலும் அது என்னையே பார்த்தது. தட்டு வந்தது. நான் தொடவில்லை.

"ஏன் தம்பி, காய்ச்சலோ?" அம்மா ஒரு துண்டை எடுத்து ஊதி என் வாய்க்கு நேரே நீட்டினார். "ஆ காட்டு."

"சேவல் பாக்குது."

"பாக்கட்டுமே. எங்கடை சேவல்தானே."

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. "அம்மா, இது மாட்டுக் கொழுப்பு. பலகையிலை எழுதிக் கிடக்கு."

அப்பா வாயிலிருந்ததைக் கடதாசியில் துப்பினார். அம்மா நீட்டிய துண்டு நீட்டியபடியே நின்றது.

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

இதைவிடச் சின்னக் குற்றங்களுக்கெல்லாம் அகப்பைக் காம்பால் வாங்கியிருக்கிறேன். அன்று அம்மா அடிக்கவில்லை. அந்தத் துண்டைத் தட்டில் வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்பா பதறிப்போனார். "இஞ்சை பாரும், சத்தம் போடாமல் வாரும், போவம். எங்கடை கேஸ் முடியேல்லை."

"நீங்கள் போங்கோ. நான் கேட்டுப்போட்டு வாறன்."

நான் பின்னால் ஓடினேன், மொழிபெயர்க்க. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரி டொரின் நல்ல மனுஷி. எல்லோரையும் "லவ்" என்று கூப்பிடுவார், கை இரண்டும் லொறிக்காரர்களுடையதைவிடப் பெரிது. சேலைக்கு மேல் அப்பாவின் குளிர்க்கோட்டைப் போட்டிருந்த அம்மா தட்டை மேசையில் வைத்து, விரலை நீட்டி, "திஸ், கவ்?" என்று கேட்டார். "பெஸ்ட் பீஃப், லவ்" என்று டொரின் பெருமையோடு சொல்லி, அதுதான் எழுதிப் போட்டிருக்கிறதே என்று வாசல் பலகையைக் காட்டினார். அம்மா பலகையைப் பார்த்தார். தான் ஒன்றரை வருடமாகத் தாண்டிப் போய்வந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, அடுப்பிலிருந்த சட்டியைக் காட்டி, "அதர் பான். அதர் ஒயில்" என்றார். இது தெருவோரக் கடை, அரண்மனை இல்லை, வேறு எண்ணெய் வேண்டுமென்றால் வேறு கடை பார்க்கலாம் என்றார் டொரின். அம்மா கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். "தற் மை பேர்ட். ஐ நோ கோ."

லொறிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் அப்போது வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கு நடுவே நின்ற அந்த ஆறு சொற்களைப்போல நிமிர்ந்த ஆங்கிலத்தை நான் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை.

அன்று கதையைக் கேட்ட பெரியப்பா இனி அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம் என்றார். அம்மா, "சேவல் நிக்கிற இடத்தை விட்டு நான் ஏன் போறது? கொழுப்புப் போகட்டும்" என்றார்.

ஆனால் கொழுப்பைப் போக்க இறங்குவதற்கு முன் இன்னொன்று நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பூசை முடிந்து பெண்கள் பிரசாதம் வாங்க நின்ற இடத்தில், ஒருத்தரையும் விடாமல் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தக் கடை மாட்டுக் கொழுப்பு. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." வெங்காயம் தொடாத அந்த அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ! ஆர் உங்களுக்கு வாசிச்சுச் சொன்னது?" என்று கேட்டார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்தேன்.

"நான்தான் வாசிச்சனான்" என்றார் அம்மா.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் பாண் பற்றிக் கேட்கவும், நாள் பார்க்கவும் யாரும் வரவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு அம்மா காரில் ஏறியபோது மடியில் ஒரு "தாச்சி" இருந்தது; அதாவது வீட்டு இரும்புச் சட்டி. காலடியில் ஒரு கலன் சூரியகாந்தி எண்ணெய். என் மடியில் ஒரு வாளி உருளைக்கிழங்கு; விடியமுன் எழுந்து தோல் சீவியது நான், தண்டனையாக. கடை வாசலில் அப்பா காரை விட்டு இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. அம்மா தாச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றார். டொரின் ஏலாது என்றார். "ஐ வெயிற்" என்றார் அம்மா. வரிசை எங்களைச் சுற்றி வளைந்து போனது. முட்டை போனது, பன்றி போனது, தேத்தண்ணி போனது. அம்மா அசையவில்லை. சிரித்தவர்கள் சிரித்து முடித்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. வாளிக் கம்பி என் உள்ளங்கையில் பதிந்த தழும்பு அன்று முழுக்க இருந்தது. கடைசியில் டொரின் பின்னடுப்பிலிருந்து பீன்ஸ் சட்டியைத் தூக்கிக் கீழே வைத்து, "ரென் மினிற்ஸ்" என்று பத்து விரலையும் காட்டினார். அம்மா அரை மணித்தியாலம் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் லொறிக்காரர்கள் எல்லோரும் அம்மாவின் சிப்ஸைச் சாப்பிட்டு மெய்மறந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒருவர் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு ருசியும் இல்லை என்று சொல்லிப் போனார். நானும் ஒன்று சாப்பிட்டேன். அவர் சொன்னது உண்மை.

"எப்பிடி?" என்றார் அம்மா.

"நல்லாயிருக்கம்மா." என் அடுத்த பொய்.

அதற்குப் பின் மாதாமாதம் தாச்சி எங்களோடு பயணம் செய்தது. அதைவிடப் பெரிய மாற்றம் வீட்டில் நடந்தது. அம்மா நூலகத்தில் நடந்த கவுன்சில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். கடிதங்கள் வந்தன, என்னிடம் தரவில்லை. பிஸ்கற் பெட்டியின் பின்பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, அரை மணித்தியாலம் வாசித்தார். நான் உதவ வந்தால் பெட்டியை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். என் உத்தியோகம் அப்படித்தான் போனது, ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லாமல்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் வாசல் பலகையில் சிவப்பு வரிக்குக் கீழே டொரினின் கையெழுத்தில் ஒரு புது வரி இருந்தது. அம்மா அதன் முன்னால் நின்று, எழுத்து எழுத்தாகக் கூட்டி, தெருவில் போகிற லொறிகளுக்கும் கேட்கும்படி வாசித்தார்: மரக்கறி எண்ணெயும் உண்டு, கேட்கவும். வாசித்து முடித்துவிட்டுக் காருக்குள் இருந்த அப்பாவைப் பார்த்து, "இறங்கி வாங்கோ" என்றார். அப்பா இறங்கினார். எஞ்சினையும் நிறுத்தினார். கோயில் பெண்களிடம் மறுபடி போய்ச் சொல்ல அம்மா இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்குள் போய் எண்ணெய்க் கலனை வாசித்துப் பார்த்த பிறகுதான்.

அன்றைக்கோ, வேறொரு நாளோ, டொரின் அந்தச் சேவலைப் பற்றிச் சொன்னார். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் நெஞ்சில் ஓட்டைகள் இருக்குமாம். உலக யுத்த காலத்தில் பக்கத்து முகாமிலிருந்த ஆமிக்காரர் பொழுதுபோகாமல் சுட்டுப் பழகியதாம். நான் பழக்கதோஷத்தில், "அம்மா, அது வந்து..." என்று தொடங்கினேன். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்கு விளங்கினது." பிறகு கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்து மேலே பார்த்தார். "ஆமிக்குப் பயந்து நாங்கள் ஓடி வந்திட்டம். அது நிக்குது."

முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கேஸ் வென்றது, அப்பா போய்விட்டார், டொரின் கடையை மூடினார். அந்தத் தெருவில் இப்போது தகரக் கூரை ஒன்றும் இல்லை. மதுக்கடை நரியை யாரோ திருடிக்கொண்டு போனார்கள், மீன் துருப்பிடித்து விழுந்தது. போன ஆவணியில் அம்மாவை இப்ஸ்விச்சுக்குக் கூட்டிப் போனபோது பார்த்தேன்: சேவலைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, புதுப் பொன்பூச்சு பூசி மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். அடைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம். அது முருகனுடையது இல்லை என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் விளக்க வருவார்கள். வரட்டும். உச்சியில் ஏற்றியவர்கள் அவர்களாக இருக்கலாம். அதற்குக் கீழே அடுப்புக் கேட்டு நின்றது என் அம்மா. அதில் எங்களுக்கும் ஒரு சிறகாவது உண்டு.

டொரினின் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு கோப்பிக் கடை. கதவடியில் ஒளிரும் பலகை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, கையில் தடி, மூக்கில் தடித்த கண்ணாடி. வெளியே மேற்குக் காற்று, சேவல் லண்டன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இது நல்ல நேரம் என்று பட்டது. முதல் நாளே தெரிந்துகொண்டு செய்ததற்கு இத்தனை வருடமாக மன்னிப்புக் கேட்கவில்லையே என்று, கேட்டேன். அம்மா "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உற்சாகத்தோடு முன்னால் போய், பலகைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று, "அம்மா, இஞ்சை எல்லாம் சைவம்தான், எழுதிக் கிடக்கு" என்றேன்.

அம்மா தடியால் என் முழங்காலில் தட்டினார்.

"நீ தள்ளி நில். நான் வாசிக்கிறன்."